கனடாவில் ஆடிப்பட்டம்

எங்கள் அப்பா பெங்களூரைத் தாண்டி ஒரு ஊரையும் பார்த்ததில்லை. ஆனால் கனடாவில் அவரை விதையை எப்போது போட வேண்டும் என்பதைப் புதுச்சத்திரத்தில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தவர் அவர்தான்.

அப்பாவின் ஒரே தங்கையான அத்தை கல்யாணமாகி அங்கே போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. ஞாயிறு சாயங்காலம் செல்போனில் முகம் காட்டிப் பேசுவாள். அங்கே வைகாசியில்தான் பனி விடும். புரட்டாசியில் மறுபடி வந்துவிடும். நடுவில் கிடைக்கிற நாலு மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு மண்ணில் தக்காளியும் கீரையும் போடுவாள். நம் காட்டில் விளைந்த அவரைக்காயை ஒருதரம் தின்றால் போதும் என்று அவளுக்கு ஒரே ஏக்கம். அங்கே கடையில் கிடைப்பது வெறும் பச்சை. எங்கள் அவரைக்கோ ஓரமெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் கரை போட்டிருக்கும்.

அந்த ஊருக்குப் போன ஒருவரிடம் அப்பா விதை கொடுத்தனுப்பினார். வைகாசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போதே போட்டுவிடட்டுமா என்று அத்தை கேட்டாள். அவரை ஆடிப்பட்டத்துப் பயிர், முன்னால் போட்டால் கொடிதான் ஓடும், காய் பிடிக்காது என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். வெயில் இருக்கும்போதே போட வேண்டாமா என்று அம்மா கேட்டதற்கு, பட்டம் என்றால் பட்டம்தான் என்றார். அண்ணன் சொல்லைத் தட்டியறியாத அத்தை, பக்கத்து வீட்டுக் கனடாக்காரர்கள் பட்டாணி பறித்துத் தின்று முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஆடிப் பதினெட்டன்று சூடம் காட்டி விதை போட்டாள்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வீட்டில் அவரைக்கொடி தரிசனம்தான். முளைத்தது, வேலி ஏறியது. புரட்டாசியில் பூ வைத்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு, அன்றிரவு அங்கே உறைபனி விழப்போகிறது என்று அத்தை சொன்னாள். நாலு நூல்சேலைகளை எடுத்துக் கொடிக்குப் போர்த்திவிட்டிருந்தாள். வளைகாப்புக்கு உட்காரவைத்த பெண் மாதிரி இருந்தது கொடி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

எட்டே நாளில் பூ காயாகி, காய் பொரியலாகியிருந்தது. அத்தை தட்டு நிறையப் பொரியலையும், பக்கத்தில் நாலைந்து முழுக் காய்களையும் காட்டினாள்.

"காச்சிருச்சுங்ணா. நீங்க சொன்ன பட்டந்தான் சரி."

கண் மட்டும் சிவந்திருந்தது. வெங்காயம் அரிந்தாளாம். நான் சும்மா இருப்பேனா? ஓரத்தில் கரையையே காணோமே, கொடியைக் காட்டுங்கள் அத்தை என்றேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அப்பா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். குளிருக்கு நிறம் ஏறாது, இதுகூடத் தெரியாதா என்று என்னை அதட்டிவிட்டு, பொரியலுக்குத் தேங்காய் போட்டாயா என்று அவளை விசாரித்தார். நான் அதை அப்படியே நம்பி, குளிர் நாட்டில் காய்களுக்கு நிறம் வராத விஷயத்தை அறிவியல் டீச்சருக்கே விளக்கி, வகுப்பில் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

மறு பங்குனியில் அப்பா மறுபடி விதை பொறுக்கிக் காயவைத்தார். ஞாயிற்றுக்கிழமை போனில் அவராகவே பேச்சை எடுத்தார்.

"இந்த வருசம் ஆடிக்குக் காத்துட்டிருக்க வேண்டாஞ்சாமி. பனி உட்டதும் போட்டுரு. உங்க ஊரு மண்ணு உனக்குத்தான் தெரியும்."

அத்தை சரிங்ணா என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தட்டு நிறையக் காய்த்த பட்டத்தை யாராவது மாற்றுவார்களா? அப்பாவுக்கு விவசாயம் மறந்துபோய்விட்டது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.