கன்றின் புரதம்

என் அண்ணா துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து சாமான் இறக்கும் வேலையில் இருந்தார். மழை பெய்த ஒரு காலை, கப்பலின் அடித்தட்டுக்கு இறங்கும் ஏணியில் கால் வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டில் பலத்த அடி. அதன் பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு திரும்பவில்லை.

நான் அப்போது கொழும்பில் ஆராய்ச்சி மாணவி. வளர்ந்த மனிதரின் உடலிலும் மூலக்கலங்கள், அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள், உண்டு. அவை எக்சோசோம் என்ற மிகச் சிறிய பைகளை வெளியே விடும். பைகளுக்குள் புரதங்கள் இருக்கும். எலும்புக்குள் இருக்கும் மச்சை, கொழுப்பு, பல்லின் உட்கூழ் ஆகிய மூன்று இடத்துக் கலங்களின் பைகளில் எந்தப் புரதம் எதில் கூடுதலாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

விடுமுறைக்குச் சாம்பல்தீவு வீட்டுக்கு வந்தபோது அண்ணா அதைப் பற்றிக் கேட்டார்.

"அந்தப் பை நரம்பை வளர்க்குமோ?"

"சில புரதம் உதவும் எண்டு சொல்லினம்."

"எந்தப் பையில அது கூட?"

"அதைத்தான் அண்ணா பாக்கிறன்."

அத்துடன் நிறுத்தியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் பொறுங்கோ, உங்களுக்கு ஒரு வழி வரும்" என்றும் சொன்னேன்.

அவர் பொறுத்தார். அண்ணி காலையும் மாலையும் அவருடைய கால்களை மடக்கி நீட்டிவிடுவார். மருந்து வரும்போது கால் விறைத்துக் கிடக்கக் கூடாது என்று அண்ணாவே அவரை அவசரப்படுத்துவாராம். கிழமைக்கு ஒருமுறை எனக்குப் போன் எடுத்து, "மச்சையோ, கொழுப்போ, எது முன்னுக்கு நிக்குது?" என்பார். கொழுப்பு என்றால் சந்தோஷப்படுவார். தன் வயிற்றிலேயே வேண்டியமட்டும் இருக்கிறதாம்.

மூன்றாம் வருடம் புரதங்களின் பட்டியல் கைக்கு வந்தது. மூன்று வகைப் பைகளிலும் ஒரே புரதங்கள்தான் முன்னுக்கு நின்றன. எந்த இடத்துக் கலமானாலும் பலன் ஒன்றுதான் என்று நான் மகிழ்ந்தேன். பேராசிரியர் ஒருமுறை பார்த்துவிட்டு, "இதில அரைவாசிக்கு மேல மாட்டினுடையது" என்றார். கலங்களை வளர்க்க நான் ஊற்றிய கன்றுக்குட்டியின் இரத்தநீரிலிருந்து அவை ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. மனிதப் புரதங்களோடு மட்டும் ஒப்பிட்டதால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரத்தநீர் இல்லாமல் திரும்ப வளர்த்தபோது கலங்கள் செத்தன. வேறு மாதிரிகள் மிஞ்சவில்லை.

போனில் சொல்ல மனம் வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அண்ணி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அண்ணாவின் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்தேன்.

"பிழைச்சுப் போச்சு அண்ணா. நான் அளந்தது கண்டுக்குட்டியின்ர புரதம்."

"திரும்பச் செய்ய ஏலாதோ?"

"ஏலாது. சரியா வந்திருந்தாலும் இப்போதைக்கு உங்களுக்குத் தந்திருக்க ஏலாது. எத்தினையோ வருஷம் எடுக்கும். அது அப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சோ என்னைப் பொறுக்கச் சொன்னனி?"

"ஓம்."

அவர் என்னை ஏசவில்லை. மாலையில் அண்ணி கால்களைப் பிடிக்க வந்தபோது, "விடும், இனி வேண்டாம்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். சில மாதங்களில் கால்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. புரண்டு படுக்கவும் மறுத்தார். முதுகில் புண் வந்து, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை கிடந்து போய்ச் சேர்ந்தார்.

நான் ஆய்வுகூடத்துக்குத் திரும்பவில்லை. செத்தவீட்டில், வந்த சனத்துக்கு என்னைக் காட்டி, அன்று நானும் அண்ணாவும் பேசியது தெரியாத அண்ணி சொன்னார்:

"தமையனுக்காக இவ எவ்வளவு பாடுபட்டவ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இல்லை என்று சொல்லவில்லை.