ரத்தினம் என்ஜினை அணைத்த இடம்

சூடாக இருக்கும்போது அணைத்தால் அந்தப் பழைய தண்ணீர் லாரி மறுபடி கிளம்பாது. காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும் என்ஜின், இரண்டு நடை போய் வந்துவிட்டால் முரண்டு பிடிக்கும். அதனால் ரத்தினம் தண்ணீர் இறக்கும்போதும், டீ குடிக்கும்போதும்கூட அதை ஓடவிட்டே வைத்திருப்பார்.

அன்று உச்சிவெயிலில், மாடம்பாக்கத்தின் குறுகலான சாலையொன்றில் எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தது. ரத்தினம் ஓரங்கட்டினார். கை தானாகப் போய் என்ஜினை அணைத்தது.

மனைவி பியூலாவின் பெட்டியைக் கல்லறைக்குக் கொண்டுபோன நாளில், பின்னாலேயே ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்தது. ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. அதிலிருந்து, எதிரே யாரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வண்டியை அணைத்துவிடுவார். கோளாறு இந்தக் கோடையில் வந்தது. பழக்கம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

ஊர்வலம் கடந்தது. சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை.

போன் அடித்தது. டயாலிசிஸ் சென்டர் நர்ஸ் ஜீவிதா.

"அண்ணா, எங்க இருக்கீங்க? மாடி டேங்க் அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. எல்லா மெஷின்லயும் ஆள் இருக்காங்க. தண்ணி நின்னா பாதியில கழட்டணும்ணா."

"வந்துகினே கீறேன்மா."

பின்னால் ஹாரன்கள். பைக்கில் வந்தவன் கத்தினான்: "யோவ், ரோட்ட வெலைக்கு வாங்கிட்டியா?"

"நீ வித்தா சொல்லு, வாங்கிக்கிறேன்."

மெக்கானிக் தனசிங்கைப் போனில் பிடித்தார்.

"செல்ஃப் சுத்துதா?"

"ஜோரா சுத்துது."

"அப்ப பேட்டரி நல்லாத்தான் கீது. டீசல் லைன் ஸ்க்ரூவ லூஸ் பண்ணிக் கைப்பம்ப அடி. காத்து வருதா பாரு."

அடித்தார். நுரையில்லாமல் சுத்தமான டீசல் வழிந்தது.

"காத்து இல்லப்பா."

"அப்ப டீசல் பம்ப்தான். உள்ள தேஞ்சு பூட்ச்சு. சூடானா டீசல் எளகி உள்ளயே கசிஞ்சிடும், இன்ஜெக்டருக்கு அழுத்தமே போவாது. கழட்டிக் குடுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"கழட்டுனா வண்டி நின்னுடும். சென்டருக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

"இப்ப மட்டும் யாரு ஊத்துறா?"

ரத்தினம் ஸ்க்ரூவை மறுபடி முடுக்கினார்.

"ஈரத்துணிய பம்ப்புல சுத்து. தண்ணிய நேரா ஊத்தாத. திடீர்னு குளுந்தா உள்ள இறுகிக்கும்."

பின்குழாயைத் திறந்து தோள்துண்டை நனைத்தார். வெயிலில் கிடந்த டேங்கர். தண்ணீரே வெதுவெதுப்பாக இருந்தது. பம்ப்பில் சுற்றியதும் ஆவி கிளம்பியது. மறுபடி நனைத்தார், மறுபடி சுற்றினார். போன் மீண்டும் அடித்தது. எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது?

சற்று முன் கத்திய பைக்காரன் இறங்கி வந்து, பையிலிருந்து ஒரு பாட்டிலை நீட்டினான்.

"இந்தா தல, கூலிங் தண்ணி. நான் குடிக்கலாம்னு வெச்சிருந்தேன். உன் லாரி குடிக்கட்டும்."

அந்தத் தண்ணீரில் நனைத்த துண்டு சீக்கிரம் காயவில்லை. பம்ப்பைத் தொட்டார், கை பொறுத்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சுற்றியது, இருமியது, நின்றது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு முறைக்குத்தான் தாங்கும். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார்.

வெள்ளைப் புகையைக் கக்கியபடி பிடித்துக்கொண்டது.

சென்டர் வாசலில் ஜீவிதாவே ஓடிவந்து குழாயை இழுத்தாள். எந்த மெஷினையும் நிறுத்த வேண்டி வரவில்லை. தண்ணீர் முழுவதும் இறங்கியபின் ரத்தினம் என்ஜினை அணைத்துவிட்டுத் தனசிங்கை அழைத்தார்.

"வந்து பம்ப்பக் கழட்டு. அதுவரிக்கும் ஏகநாதனோட தண்ணி லாரி இங்க ஊத்தும், அவன்கிட்ட பேசிட்டேன்."

"இன்னாபா, திடீர்னு புத்தி வந்துட்ச்சு?"

"நாளைக்கும் எவனாவது எதுர்ல சாவு எடுத்துகினு வருவான். நான் அணைச்சிடுவேன். அத என்னால மாத்திக்க முடியாது. பம்ப்பையாவது மாத்து."