என்னைக் கண்டு ஓடிய மான்கள்

மேட்டூரில் அணை எழும்பிய புதிதில், அதன் கீழே அமைத்த பூங்காவை மேற்பார்வை பார்க்கும் வேலை எனக்கு. அங்கே வேலிக்குள் புள்ளிமான்கள் இருந்தன. அவற்றுக்குத் தழை போடும் காவல்காரர் ஒட்டிய கன்னமும் தொளதொள காக்கி நிஜாருமாக இருப்பார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலிக்குள் போவார். உடனே எல்லா மான்களும் முட்டி மோதிக்கொண்டு வந்துவிடும். நானோ வெல்லத்தோடு போனாலும் பாதி ஓடிவிடும், மீதி திரும்பியும் பார்க்காது. செருப்பைக்கூடக் கழற்றிப் பார்த்தேன். அந்த மனுஷரைக் கண்டாலே வயிறு எரியும்.

மான்கள் பெருகிச் செடிகளை மொட்டையடித்ததால், பாதியைக் காட்டில் விடச் சொல்லி உத்தரவு வந்தது. காவல்காரர் கலங்குவதைப் பார்க்கும் ஆசையில், "எதை அனுப்பறதுன்னு நீங்களே பொறுக்குங்க" என்றேன்.

அவர் கலங்கவில்லை. "நீங்க உள்ள ஒரு நடை போயிட்டு வாங்க சாமி. உங்களக் கண்டு ஓடறத எல்லாம் புடிச்சு அனுப்பிரலாமுங்க."

"ஏன், எங்கிட்ட வராததுக்குத் தண்டனையா?"

"இல்லீங்க. மனுசனக் கண்டா ஓடறதுதானுங்க காட்டுல பொழைக்கும். எங்கிட்ட வாரது துப்பாக்கி வெச்சிருக்கறவன்கிட்டயும் போயிருமுங்க."

அவர் சொன்னபடியே உள்ளே நடந்தேன். ஓடியவை எல்லாம் வண்டி ஏறின.

அதன்பிறகு நான் வேலிக்குள் போனால் ஒரு மானும் ஓடாது. தழையிலிருந்து தலையையும் தூக்காது. அந்த இடத்தில் என்னை ஓர் ஆளாக மதித்தவை கண்டதும் ஓடியவை மட்டும்தான். அவற்றையும் என்னை வைத்தே பொறுக்கி அனுப்பிவிட்டார் அந்த மனுஷர்.