கண்ணீர் அஞ்சலியில் என் படம்

எங்கள் டிசைன் கல்லூரியில் ரிவ்யூ என்றால் ஒரு விதி உண்டு. அச்சடித்துக் கொண்டுவந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு, செய்தவர் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற மாணவர்கள் பேசி, மஞ்சள் சீட்டில் கருத்து எழுதி ஒட்டி முடிக்கும்வரை மூச்சு விடக்கூடாது. வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கிய எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

அந்த முறை கொடுத்த வேலை, தெருவில் தினமும் பார்க்கும் ஓர் அச்சுப் பொருளைப் புதிதாக வடிவமைப்பது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்கள் தெருச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தவிர வேறென்ன இருக்கிறது? அதையே எடுத்துக்கொண்டேன். ஆனால் இறந்தவர் இடத்தில் யார் படத்தைப் போடுவது? யாரிடமாவது போய்க் கேட்டால் செருப்பால் அடிப்பார்கள். என் படத்தையே போட்டேன். 'தோற்றம்' என்பதற்குக் கீழே என் பிறந்த தேதி. 'மறைவு' என்பதற்குக் கீழே ரிவ்யூ நாளின் தேதி. அடியில், துக்கம் தெரிவிப்பவர்கள் வரிசையில், வட்ட வட்டமாக வகுப்பில் இருப்பவர்களின் முகங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார்கள்.

மதிப்பெண் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் இல்லாமல் போனால் இவர்களில் ஒருத்தருக்காவது உறுத்துமா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவள் நான். பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது.

போஸ்டருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என் மூஞ்சி இன்னாடா இத்துனூண்டு கீது?" என்றான் அம்பத்தூரிலிருந்து வருகிறவன்.

"என்னை ஓரத்துல தள்ளிட்டா பாரு" என்றாள் இன்னொருத்தி. "மேல இருக்கற போட்டோவ சின்னதாக்கினா நம்ம வரிசைக்கு இடம் கிடைக்கும்."

மேலே இருந்த போட்டோ நான்தான். சீட்டு ஒட்ட வந்தவன் என் தோளைத் தாண்டிக் கையை நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து யாரோ, "நல்லாதான் டிசைன் பண்ணிட்டிருந்தா. அமைதியான பொண்ணு" என்றார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்களோ என்னவோ, யாரும் சிரிக்கவில்லை. கையை நானே கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியாக வந்தவள், மாங்காட்டிலிருந்து வரும் என் பக்கத்து இருக்கைக்காரி. வரிசையில் இருந்த தன் முகத்தின் மேலேயே சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். அதில் எழுதியிருந்தது: "என்னை இதுல போடாத. உன் போட்டோவக் கழட்டுடி, பாக்க முடில." டிசைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு சீட்டு எனக்குப் போதும்.

அவள் சொன்னபடியே திருத்தினேன். அவள் முகத்தை வரிசையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் முகத்தை வைத்தேன். மேலே பெரிய சட்டத்தில் யாரைப் போடுவதென்று தெரியாமல் வெள்ளையாகவே விட்டேன். என் பிறந்த தேதியையும் எடுத்துவிட்டு, 'மறைவு' தேதியை மட்டும் அடுத்த ரிவ்யூ நாளுக்கு மாற்றினேன்.

அடுத்த ரிவ்யூவில் அம்பத்தூர்க்காரன் முதலில், "செமயா கீது" என்றான். பிறகு வெள்ளைச் சட்டத்தைப் பார்த்தான். "யாருக்குடி இது?"

நான் பதில் சொல்லக்கூடாது. ஒவ்வொருவராக அருகில் வந்து, வரிசையில் விரல் வைத்துத் தங்கள் முகத்தைத் தேடினார்கள். கண்டுபிடித்ததும் பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

"இன்னிக்கு தேதி போட்டுகீது" என்றான் அவன், குரல் இறங்கி. "நாமெல்லாம் கீறோம். ஒருத்தியக் காணோமே."

எல்லோரும் என் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். காலியாக இருந்தது. போஸ்டரை ஒட்டும் அவசரத்தில் நான் கவனித்திருக்கவே இல்லை. ஒருத்தி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பவும் போட்டாள். மின்விசிறிக் காற்றில் மஞ்சள் சீட்டுகள் படபடத்தன. அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? தேதியைப் போட்ட கை என்னுடையதுதானே?

கதவு திறந்தது. அவள்தான், வியர்த்து விறுவிறுத்து நின்றாள். "கோயில் கூட்டம்டி. பஸ் நவுரவே இல்ல."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், சட்டத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரருகே வந்து, மற்றவர்களைப் போலவே விரல் வைத்து, வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தேடினாள். பிறகு தேதியைப் படித்தாள். மெதுவாக வெள்ளைச் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் எங்கடி?"

ரிவ்யூ இன்னும் முடியவில்லை. "இங்கதான்டி இருக்க!" என்று கத்திக்கொண்டே போஸ்டரைச் சுவரிலிருந்து கிழித்தேன். ஆசிரியை ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. வகுப்பு முடியும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.