செங்கம் சாலையில் ஒரு மூளை வகுப்பு

காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் எல்லாம் தாண்டித் திருவண்ணாமலையில் இறங்கியபோது பத்தரை. நான் மலையைப் பார்க்க வரவில்லை. மலர்விழியைப் பார்க்க வந்தேன். பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஐந்து வருடம் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து, எலியின் மூளையில் நினைவு எப்படிப் பதிகிறது என்று ஆராய்ந்தவர்கள் நாங்கள். இருவரில் அவள்தான் கெட்டிக்காரி. நான் இன்னும் சென்னையில் ஃபெலோஷிப் என்ற ஆய்வு உதவித்தொகையில் ஓடிக்கொண்டிருக்கிறேன்; அவள் இப்போது சொந்த ஊரில் ஏதோ வகுப்பு நடத்துகிறாள் என்று மட்டும் தெரியும்.

ஆட்டோக்காரரிடம் முகவரியைக் காட்டினேன்.

"செங்கம் ரோடு மூளை கிளாஸுங்களா? நூத்தியிருபது குடுங்க. எம் பொண்ணயும் சேக்கணும்னு வீட்ல ஒரே நச்சரிப்பு. புள்ளைங்க கண்ணக் கட்டிக்கினு படிக்குதாம்ங்க!"

சிரித்துவிட்டேன். பேக்கரி மாடியில் தொங்கிய பேனரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மலர்விழியின் முகம். அதன் கீழே 'மூளை விஞ்ஞானி டாக்டர் மலர்விழியின் நேரடிப் பயிற்சி'.

மேலே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையிலிருந்த அட்டையின் நிறத்தைச் சொன்னார்கள். பெற்றோர் கைதட்டினார்கள். மலர்விழி என்னைப் படிக்கட்டுக்கு இழுத்து வந்தாள்.

"என்னடி இது?"

"ஃபெலோஷிப் முடிஞ்சு ரெண்டு வருஷம் காலேஜ் காலேஜா ஏறி இறங்கினேன். வயசு ஜாஸ்தி, ஆராய்ச்சிப் பேப்பர் கம்மின்னாங்க. இதுக்கு மட்டும் யாரும் ஒண்ணும் கேக்கல."

"இது பொய்யின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். யாருக்கும் கெடுதல் இல்லியே."

உள்ளே நாற்காலி விழுந்த சத்தம். ஓடினோம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். மலர்விழி அவள் கண்கட்டை அவிழ்த்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாள். வலிப்பு நின்றது.

"முன்னாடியும் வந்திருக்குதா?" என்று தாயைக் கேட்டாள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர் அவர்.

"மூணு வருஷமா ஃபிட்ஸ் மாத்திரை சாப்புடுதுங்க மேடம். போன மாசந்தான் நிறுத்துனோம்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. மூளை டாக்டரு நீங்களே கத்துத் தர்றீங்க, இன்னும் எதுக்கு மாத்திரைன்னுதான்..."

"நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க" என்றாள் மலர்விழி. அதை அன்றுதான் முதல்முறை சொன்னாளாம்.

அரசு மருத்துவமனையில் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். இப்படித் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று தாயிடம் எடுத்துச் சொன்னார்கள். மதியம் சிறுமி கண்விழித்து, பசிக்கிறது என்றாள். மலர்விழி சுவரோரம் திரும்பி நின்று அழுதாள்.

மூன்று மணிக்கு நாங்கள் மாடிக்குத் திரும்பியபோது சில பெற்றோர் காத்திருந்தார்கள்.

"இனிமே கிளாஸ் கிடையாதுங்க."

"ஏன் மேடம்? எம் பையன் நல்லாத்தான படிக்கிறான்?" என்றார் ஒருவர்.

"படிக்கலைங்க. கண்கட்டுக்கு அடியில மூக்கோர இடுக்குல எட்டிப் பாக்கறான்."

அவர் நம்பவில்லை. "வேற எடத்துல சேத்துக்கறோம்" என்று மகனை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். அன்று நான் பார்த்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது அதுதான்.

பஸ் ஸ்டாண்டு வரை மலர்விழி வந்தாள். ஏதாவது பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கேட்டுப் பார்க்கப் போகிறாளாம். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலோரம் வந்து கேட்டாள்:

"உன் ஃபெலோஷிப் எப்ப முடியுது?"

"மார்ச்சுல."

"அப்புறம்?"

"எங்கயாச்சும் கெடைக்கும்டி" என்றேன். அவளும் தன் ஃபெலோஷிப் முடியும் சமயத்தில் இதையேதான் சொல்லியிருப்பாள்.