பெரட்டுக்களத்தில் ஒரு புது நடனம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கோலாலம்பூர் புடுராயா நிலையத்தில் கோல சிலாங்கூர் பேருந்தில் ஏறினேன். கட்டணம் இரண்டு வெள்ளி எண்பது காசு. தூரம் அறுபத்தேழு கிலோமீட்டர். அது 1986ஆம் ஆண்டு. நடனம் என்றால் பட்டும் சலங்கையும்தான் என்று நினைத்து வளர்ந்தவன் நான். என் அண்ணன் மகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுத்த புவனேஸ்வரி டீச்சர், தோட்டத்துப் பெண்களை வைத்துப் புதிதாக ஒரு நடனம் அமைத்திருந்தார். பாட்டு இல்லை, சலங்கை இல்லை என்று தொலைபேசியில் சொன்னார். நான் சிரித்துவிட்டேன்.

"நம்பிக்கை இல்லாட்டி நேரில வந்து பாருங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அதனால்தான் கிளம்பினேன்.

எட்டு இருபதுக்குக் கோல சிலாங்கூர். நிலையத்துக்கு எதிரே ஒரு லோரி நின்றது. அதன் பின்பலகையில் காற்சட்டையும் ரப்பர் சப்பாத்துமாக டீச்சர் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா முப்பது வருடம் தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி. சென்னையில் பரதமும் பிறகு லண்டனில் இரண்டு வருடம் நவீன நடனமும் படித்தவர். அவருக்குப் பக்கத்தில், காலைப் பூசை முடிந்து நேரே வந்திருந்த ஆரோக்கியமேரி, தலையில் போட்டிருந்த வெள்ளை முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கம்போங் குவாந்தான் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர், வயது இருபத்தொன்பது. அவர்தான் முதன்மை ஆட்டக்காரர். மற்ற நான்கு பெண்களும் அதே தோட்டம்.

லோரி ஓட்டிய முனியாண்டி என்னைப் பார்த்தார். "எழுதுறவரா? முன்னால குந்துங்க லா. பின்னால போனா சட்டை செம்மண்ணாயிடும்."

நான் பின்னால்தான் ஏறினேன். பேச வேண்டியவர்கள் அங்கே இருந்தார்கள்.

தஞ்சோங் காராங் தாண்டியதும், எங்கே போகிறோம் என்று கேட்டேன். சுங்கை ஆயர் தாவாருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம் என்றார்கள். இரண்டு மாதத்தில் கோலாலம்பூரில் பெரிய அரங்கத்தில் ஆடப்போகிறவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் என்ன வேலை?

"நான்தான் கேட்டேன்" என்றார் மேரி. "டவுன்ல ஆடுறதுக்கு முன்னால எங்களத் தெரியாத தோட்டத்து ஆளுங்க பாக்கணும். அவங்க மூஞ்சத் திருப்பிக்கிட்டா நான் ஆட மாட்டேன். டீச்சருகிட்ட முதல்லயே சொல்லிட்டேன்."

டீச்சர் தலையாட்டினார். எட்டு மாத உழைப்பு அந்த ஒரு பிற்பகலை நம்பி நின்றது.

ஒன்பதரைக்கு செகிஞ்சான், இரு பக்கமும் வயல், வாய்க்கால். பத்தேகாலுக்குச் சபாக் பட்டணத்தில் ஆளுக்கு ஒரு தே தாரிக் தேநீர் குடித்தோம், நாற்பது காசு. பிறகு செம்மண் சாலையில் ஆறு கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டு, பதினொன்றேகாலுக்குத் தோட்டத்து மண்டபத்தின் முன் இறங்கினோம்.

மண்டபக் குழுத் தலைவர் மரியாதையாகத்தான் வரவேற்றார். உடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. பால் கறை படிந்த முழுக்கைச் சட்டை, கைலி, தலைத்துண்டு. தினமும் மேரி வேலைக்குப் போட்டுக்கொண்டு போவதுதான்.

"இதையா மேடையில போடப் போறீங்க? எங்க பிள்ளைங்க இந்தச் சட்டையப் போடக் கூடாதுன்னுதான் நாங்க பாடுபடுறோம். வந்து எங்களக் கேவலப்படுத்தாதீங்க."

"இந்தச் சட்டையிலதான் அண்ணே என் ரெண்டு பிள்ளைங்களும் வளருது" என்றார் மேரி. குரல் உயரவில்லை. "பட்டுல ஆடுனா அது நான் இல்ல."

தலைவர் சாவியைத் தரவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

திரும்பிவிடலாமா என்று முனியாண்டி கேட்டார். யாரும் லோரியைப் பார்க்கவே இல்லை. மேரி மட்டும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் வீட்டைக் கண்டுபிடித்து, அரைமணி நேரத்தில் அவரையே கூட்டிக்கொண்டு வந்தார். மண்டோர் பனியனோடு நின்று, எதிரே இருந்த வெட்டவெளியைக் காட்டினார். அது பெரட்டுக்களம். விடியுமுன் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம்.

"ஞாயித்துக்கெழம இது யாருக்கும் வேணாம். ஆடுங்க" என்றார்.

நான்கு மணிக்கு வெயில் சாய்ந்தது. இருநூறு பேராவது வந்திருப்பார்கள். ஐந்து பெண்களும் இல்லாத மரங்களைச் சுற்றி வந்தார்கள். இடது தோளுயரத்தில் தொடங்கிய கை, வலது இடுப்புவரை சரிந்து இறங்கியது. முழங்கால் மடங்கி, பாதம் பின்னோக்கி நகர்ந்தது. மண்ணில் காலடிச் சத்தம் மட்டும். கூட்டத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "இதுக்கா லோரி வச்சு வந்தாங்க? இதத்தான் தெனமும் செய்றோமே!" சிரிப்பு பரவியது. மேரியின் கை தடுமாறவில்லை.

பிறகு டீச்சர் களத்துக்குள் வந்து, கிராணி நிற்கும் இடத்தில் நின்று பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு பெண் தரையில் ஓங்கி மிதித்தாள். ஐந்து பெண்களின் பேரும் முடிந்தது. அவர் நிறுத்தவில்லை. சிறுமியாக இருந்தபோது அப்பாவின் குரலில் ஜன்னல் வழியே கேட்ட பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அவற்றுக்குக் களத்தில் ஆளில்லை. பெண்கள் அசையாமல் நின்றார்கள். அமைதிதான் அங்கே நடனம்.

"வீராயி!"

அமைதி.

"அஞ்சலை!"

"ஐயா!"

கூட்டத்திலிருந்து குரல் வந்தது. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, தன் பேரைக் கேட்டதும் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் நிறுத்தாமல் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"பாக்கியம்!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து, சற்றுமுன் முதலில் சிரித்த அதே பெண் சொன்னாள்: "ஐயா."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பேருக்கும் எங்கிருந்தாவது ஒரு பதில் வந்தது.

முடிந்ததும் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். உங்கள் பேர் பாக்கியமா என்றேன்.

"எங்கம்மா பேருங்க. செத்து ஏழு வருசமாச்சு. கூப்புட்டா யாராச்சும் சொல்லணும்ல?"

மண்டபத் தலைவர் ஒரு மரத்தடியில் கைகட்டி நின்றதைப் பார்த்தேன். கடைசிவரை நின்றார். பிறகுதான் போனார்.

ஐந்தேமுக்காலுக்கு, கோலாலம்பூர் பேருந்து பிடிக்கச் சபாக்கில் என்னை இறக்கிவிட்டார்கள். கோலாலம்பூரில் எத்தனையோ நடனங்களுக்குக் கடைசியில் கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன். நடுவில் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அதை டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது.

"அதுதான் எனக்கும் யோசனை. அங்க ஒருத்தரும் பதில் சொல்லமாட்டினம், மேரி. அவைக்குப் பெரட்டு தெரியாது."

மேரி லோரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தெரியாதுதான் டீச்சர். நீங்க நிறுத்தாம கூப்புடுங்க. அவங்க வாய் தொறக்குற வரைக்கும் நாங்க நிக்கிறோம்."