பத்மாவதியும் ஒட்டடைக்குச்சியும்

என் அக்காள் மகள் பத்மாவதிக்குக் கல்யாணம் ஆகாமல் போனது ஒரு சீனப் பட அடியாளால்தான் என்று கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே பேசுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆமாம், அவரால்தான். அதற்கு இப்போது என்ன? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் பாதி தெரிந்தவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். என் பெயர் தவமணி. சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார் குடும்பம், ஆபீஸ் குமாஸ்தா வர்க்கம். தாத்தா ரயில்வேயில் கிராணி, அப்பா துறைமுகத்தில் கிராணி, பத்மா பினாங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி. அக்காளும் அத்தானும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவள் கெலுகோரில் என் வீட்டில்தான் வளர்ந்தாள். இங்கிலீஷும் மலாயும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆபீசில் பழகிப் பழகிச் சீனர்கள் பேசும் ஹொக்கியனும் பேசுவாள். சமையல் சுமார். வாய் மட்டும் அப்படியே என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பினாங்கு ரோட்டுப் பக்கம் ஒரு தியேட்டரில் மலிவுக் காட்சி போடுவார்கள். குங்ஃபூ படம்தான். எல்லாரும் ஹீரோவைப் பார்க்கப் போவார்கள். இவள் போனது ஹோ யிக் சாம் என்கிற ஒருவரைப் பார்க்க. பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. போஸ்டரில் அவர் முகமே இருக்காது. வில்லனுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நிற்பார், கதவைத் திறந்துவிடுவார், ஹீரோவிடம் அடிபட்டுச் சாவார். ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி. நான் அவருக்கு வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. அவர் பெயர் என்ன என்று தியேட்டர் மேனேஜரையே இவள் போய்க் கேட்டாளாம். அவருக்கே தெரியவில்லை. கடைசியில் ஆபீசில் கூட வேலை செய்த ஒரு சீனப் பெண்ணைப் படத்துக்கு அழைத்துப் போய், முதலில் ஓடும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக் கண்டுபிடித்தாள்.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். ஃபேன் காற்றுக்கு நான் தூங்கிவிடுவேன். கையைக் கிள்ளி எழுப்புவாள்.

"சின்னம்மா, இப்பப் பாருங்க! ஹீரோ கை அவர் மேல படவே இல்லை. இவரு போய் விழுறதாலதான் அது அடி மாதிரித் தெரியுது."

"அடி வாங்குறதுல என்னடி திறமை? எருமைகூட வாங்கும்."

"எருமை வாங்கும், சரி. மேசை மேல விழுறதுக்கு முன்னாடி பின்னால நிக்கிற சின்னப் பிள்ளையை எருமை திரும்பிப் பார்க்குமா? இவரு பார்க்குறாரு லா. அந்தப் பிள்ளை மேல படாம அரைச்சாண் தள்ளி விழுறாரு. யாரு கவனிச்சா?"

யாருமே கவனிக்கவில்லை. நானும்தான். திரும்பவும் தூங்கிவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. எத்தனையோ ஜாதகம் பார்த்து, கடைசியாகத் தைப்பிங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. பரமநாதன், வங்கியில் அதிகாரி, தங்கமான குணம் என்றார்கள். சீனப் பெருநாள் விடுமுறையில் அவரும் அவர் தாயார் யோகலட்சுமியும் காரில் பெண் பார்க்க வந்தார்கள். முதல் நாள் ராத்திரியே பத்மாவிடம் நான் படித்துப் படித்துச் சொல்லிவிட்டேன்: என்ன பொழுதுபோக்கு என்று கேட்டால் தையல் என்று சொல், தேவாரம் என்று சொல், வேறு எதையும் சொல்லித் தொலைக்காதே. இந்தச் சம்பந்தம் உன் வாயால் கெட்டால் நான் உன்னோடு பேசமாட்டேன் என்றும் சொன்னேன். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? அது தெரிந்துதான் சொன்னேன்.

யோகலட்சுமி அம்மாள் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டார். "பொண்ணு லீவு நாள்ல என்ன செய்யும்?"

"குங்ஃபூ படம் பார்ப்பேன்" என்றாள் பத்மா.

முறுக்கு அந்த அம்மாளுக்குப் புரையேறிவிட்டது. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். பரமநாதன் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். "நானும் பார்ப்பேன். ஹீரோ எல்லாம் என்னமாப் பறக்கிறான்!" என்றார்.

"ஹீரோவை விடுங்க. அடி வாங்குற ஒருத்தர் இருக்காரு, ஹோ யிக் சாம். போன வாரம் வந்த புதுப் படத்துல அவருக்கு ஒரு இடம் குடுத்திருக்காங்க. இத்தனை வருஷத்துல முதல் தடவையா. முதல் நாளே பார்த்துட்டேன். நீங்களும் வந்து பாருங்க. பார்த்துட்டு நீங்க என்ன சொல்றீங்களோ, அதை வெச்சுத்தான் நானும் பதில் சொல்வேன்."

அட கடவுளே! மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க வந்தால், பெண் மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிறாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் பரமநாதன் தாயாரைச் சமாதானப்படுத்தி, "படம்தானேம்மா" என்று எழுந்துவிட்டார். தாயார் வீட்டில் படுத்திருக்க, நாங்கள் மூவரும் மத்தியானக் காட்சிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்தாள்: "சண்டையைப் பார்க்காதீங்க. ஹீரோ அவர் வலது கையை ஒடிப்பான். அதுக்கப்புறம் அவர் தனியா உட்கார்ந்து சோறு சாப்பிடுவாரு. அந்த இடத்தைப் பாருங்க."

தியேட்டரில் பெருநாள் கூட்டம் அலைமோதியது. டிக்கெட் கிழிக்கும் முகம்மது சுல்தான் எங்களுக்குப் பழக்கம். பத்மாவைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

படம் ஓடியது. ஹீரோ வந்தான், பறந்தான், ஒட்டடைக்குச்சியின் கையை ஒடித்தான். பத்மா பரமநாதனிடம், "இப்ப வரும்" என்றாள். அடுத்த நொடி திரையில் ஒட்டடைக்குச்சி மலையுச்சியில் ஹீரோ முன்னால் நின்றார். ஒரு உதை. செத்தார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

"சோறு எங்கே?" என்று கத்திக்கொண்டு எழுந்தாள் பத்மா. நாலாபக்கமும் உஸ் உஸ் என்றார்கள். பின்னால் இருந்து யாரோ கச்சான் கடலைத் தோலை வீசினான். பரமநாதன் நாற்காலிக்குள் சரிந்து, "யாரு, அந்தக் கதவு திறந்த ஆளா? அவ்வளவுதானா?" என்று மெல்லக் கேட்டார். அவள் விடுவிடுவென்று வெளியே போனாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

சுல்தான் தலையைச் சொறிந்தான். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. பெருநாளைக்கு ஒரு ஷோ கூடுதலா ஓட்டணும்னு சண்டை இல்லாத இடத்தையெல்லாம் வெட்டிட்டாங்க. துண்டு மேலே மெஷின் ரூம்லதான் கிடக்கு. படம் பட்டர்வொர்த் தியேட்டருக்குப் போறப்ப ஒட்டிருவாங்க."

மேனேஜர் கூ புதுச் சட்டையோடு ஆரஞ்சுப் பழத் தட்டை வைத்துக்கொண்டு நின்றார். மலாயில் சிரித்துப் பேசினார். அதில் சண்டையே இல்லை, ஒரு அடியாள் உட்கார்ந்து சோறு தின்கிறான், நல்ல நாளும் அதுவுமாய்க் காசு கொடுத்து அதை யார் பார்ப்பார்கள், இந்தாம்மா பழம் எடுத்துக்கொள் என்றார்.

"பழம் வேணாம். காசு வாங்கினீங்கல்ல, முழுப் படத்தைக் காட்டுங்க" என்றாள் இவள்.

அவர் கையை விரித்தார். இவள் நேராக டிக்கெட் வரிசைக்குப் போனாள். அடுத்த காட்சிக்கு வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. ஒவ்வொருவராக நிறுத்திச் சொன்னாள். சீனருக்கு ஹொக்கியனில், மலாய்க்காரருக்கு மலாயில், நம்மவருக்குத் தமிழில்: "படத்தை வெட்டிட்டாங்க. காசு முழுசாக் குடுக்குறீங்க, படம் பாதிதான். கேளுங்க." முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு சீனக் கிழவர் மேனேஜரைப் பார்த்து ஏதோ கத்தினார். அவர் பின்னால் பத்துப் பேர் கத்தினார்கள். அடியாளைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை, காசு போகிறதே என்றுதான் கத்தினார்கள். கத்தட்டுமே!

பரமநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பத்மாவதி, நாலு பேர் பார்க்குறாங்க. என்னைத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா என்ன நினைப்பாங்க? கேவலம் ஒரு அடியாளுக்காக..."

"அடியாள் இல்லேன்னா உங்க ஹீரோ காத்துலதான் குத்தணும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? "வாடி போகலாம்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். உதறினாள். அவர் காரை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் பஸ்ஸில் வீடு வந்தபோது தாயும் மகனும் தைப்பிங்குக்குப் புறப்பட்டுவிட்டிருந்தார்கள். கொண்டுவந்த ஆப்பிள் பெட்டியையும் மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்கள்.

கூ தோற்றுத்தான் போனார். வரிசை கலையாமல் இருக்க, "நாளைக் காலையில முதல் ஷோவுக்கு முன்னாடி வா, அந்தத் துண்டை ஓட்டிக் காட்டுறேன், இப்பப் போய்த் தொலை" என்று சொல்லித்தான் இவளை அனுப்பியிருந்தார். அன்று ராத்திரி நான் அவளோடு பேசவில்லை. காலையில் அவள் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். தனியாக விட மனசு வராமல், திட்டுவதற்கு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

காலி ஹாலில் அவள், நான், வாசல் ஓரமாக சுல்தான். விளக்கு அணைந்தது.

ஒரு சின்ன அறை. ஒட்டடைக்குச்சி கையில் கட்டுடன் வந்து உட்காருகிறார். முன்னால் ஆறிப்போன சோறு ஒரு கிண்ணத்தில். சாப்பிடும் குச்சியை இடது கையில் எடுக்கிறார். நழுவுகிறது. மறுபடி எடுக்கிறார். சோறு வாய்க்குப் போகாமல் மடியில் விழுகிறது. பாட்டு இல்லை, பேச்சு இல்லை. குச்சி டக் டக் என்று கிண்ணத்தில் படும் சத்தம் மட்டும்தான்.

"கையால அள்ளிச் சாப்பிடேண்டா, பாவி!" என்று கத்திவிட்டேன்.

அவர் அள்ளவில்லை. குச்சியைக் கீழே வைத்தார். மடியில் விழுந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பக் கிண்ணத்தில் போட்டார். கிண்ணத்தை எடுத்து வாசலில் நின்ற நாய்க்கு வைத்தார். அது தின்கிறதா என்று நின்று பார்த்தார். அப்புறம் ஒற்றைக் கையால் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் அவர் சாவதைப் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

விளக்கு போட்டார்கள். என் முகமெல்லாம் கண்ணீர். பத்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்குட்டையை மட்டும் நீட்டினாள். சுல்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நானும் இதை இன்னிக்குத்தான் அக்கா ஒழுங்காப் பார்க்கிறேன்" என்றான்.

சாயங்காலம் போன் அடித்தது. யோகலட்சுமி அம்மாள்.

"தவமணி, நடந்தது நடந்து போச்சு. தம்பிக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. இந்தச் சீனப் படக் கிறுக்கை மட்டும் விட்டுடணும். விட்டுட்டேன்னு அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த வாரமே தட்டு மாத்திக்கலாம்."

பத்மா பக்கத்தில்தான் நின்றாள். அந்த அம்மாளின் குரல் சுவர் தாண்டிக் கேட்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனை வருஷமாக நான் அலைந்து தேடிய வரன்! அவள் என்னையே பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினாள். நான் இனி தன்னோடு பேசாமலே இருந்துவிடுவேனோ என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. பயந்துகொண்டேதான் ஆட்டினாள்.

"விடமாட்டாளாம்" என்றேன் போனில்.

"என்ன தவமணி இது? கூலிக்கு அடி வாங்குற ஒருத்தனுக்காக என் மகனை வேணாங்கிறதா? அவன் என்ன உங்களுக்குச் சொந்தமா, பந்தமா?"

"ஆமா, சொந்தம்தான்" என்றேன். "இன்னிக்குக் காலையிலேர்ந்து எனக்கும் சொந்தம். உங்க மகனுக்குக் காட்டத்தான் கூட்டிட்டுப் போனா. அவர் பார்க்காமலே ஓடிட்டாரு. போனை வைங்க!"

நானே வைத்துவிட்டேன். பத்மா உள்ளே போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். குழம்பில் உப்பு அதிகம். வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு கோயிலில் அவளுக்குச் "சீனப்படப் பத்மா" என்று பெயர் வந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்து, "ஆமா, என்ன?" என்பாள். கூப்பிட்டவர்கள்தான் வாய் பொத்திக்கொண்டு போவார்கள். வேறு இரண்டு வரன்கள் வந்தன. ஒட்டடைக்குச்சியைப் பற்றி முதலிலேயே சொன்னாள், போய்விட்டன. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் எனக்குத் தெரியாமல் அழுதிருப்பாள். கப்பல் கம்பெனியில் தலைமைக் கிராணி ஆனாள். வீடியோ பெட்டி வந்ததும் முதல் சம்பள உயர்வில் வாங்கினாள். ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் படம். அக்கம்பக்கத்தில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் யார் எங்கே எப்படி விழுகிறார் என்று நான்தான் விளக்கம் சொல்வேன். தூங்குகிறவர்களைக் கிள்ளுவேன்.

தொண்ணூற்று நான்காம் வருஷம் சீனப் பெருநாளன்று டெலிவிஷனில் அதே படத்தைப் போட்டார்கள். அவள் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து நின்றாள். எனக்குப் பக்கத்தில் இருமல் மருந்து, மடியில் முறுக்கு. ஹீரோ கையை ஒடித்தான். ஒரு சலவைத்தூள் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்தது. மலையுச்சி!

பத்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதற்குள் நான் போனை எடுத்து டெலிவிஷன் நிலையத்தைக் கூப்பிட்டுவிட்டிருந்தேன். என் மலாய் ஓட்டை மலாய்தான். இருந்தாலும் அந்தப் பக்கம் பேசிய பையனுக்குப் புரியும்படி, "சோறு எங்கே?" என்று கேட்டேன். அவன் தவறான நம்பர் என்றான். தவறான நம்பர் இல்லை, மேலதிகாரியைக் கூப்பிடு என்றேன். விடுமுறை என்றான். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லி, நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னேன் பத்மாவை.